கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தேநீரின் விலை

சென்னை விமான நிலையத்துக்கு எதிரே, ஜிஎஸ்டி சாலையின் மறுபக்கம், திரிசூலம் ரயில் நிலையத்தை ஒட்டிய கடையில் ஒரு தேநீர் 15 ரூபாய். காய்ந்த பாலில் டிக்காஷனை ஊற்றி, மாஸ்டர் இரண்டு ஆற்று ஆற்றி, கண்ணாடி கிளாஸில் நுரை ததும்பக் கொடுப்பார். அதே சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்து, முனையத்தின் வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி, பெல்ட்டையும் கைப்பேசியையும் தட்டில் போட்டுச் சோதனை முடித்து உள்ளே போனபின் நான் கடைசியாக வாங்கிய தேநீருக்கான பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். தேநீர் 190 ரூபாய், மத்திய ஜிஎஸ்டி 4 ரூபாய் 75 காசு, மாநில ஜிஎஸ்டி 4 ரூபாய் 75 காசு, ஆக மொத்தம் 199 ரூபாய் 50 காசு. கைக்கு வந்தது ஒரு காகிதக் கோப்பையில் வெந்நீர், அதன் விளிம்பில் நூல் தொங்கும் ஒரு தேயிலைப் பொட்டலம், தனியாக ஒரு சிறு பால் பாக்கெட். சாலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. விலையோ பதின்மூன்று மடங்குக்கு மேல்.

இந்த வித்தியாசத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கடைக்காரரின் பேராசை என்பது ஒன்று, விமான நிலையத்தில் கடை நடத்தும் செலவு அதிகம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், இரண்டையும் கூட்டினாலும் 15 ரூபாய் 200 ரூபாயாகிவிடாது. அந்த விலை கல்லாவில் தீர்மானமாவதில்லை. கடைக்குப் பலகை மாட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில், யார் அதிகத் தொகை கட்டுகிறாரோ அவருக்கே இடம் என்று எழுதப்படும்போதே அது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாதவரை நாம் கவுன்டரில் நிற்கும் பையனிடம் கோபப்பட்டுக்கொண்டுதான் இருப்போம்.

பிரச்சினை புதிதல்ல. 2018 மார்ச்சில் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம், சென்னை விமான நிலையத்தில் தேநீர் கேட்டபோது வெந்நீரும் தேயிலைப் பையும் தருவதாகச் சொல்லி 135 ரூபாய் கேட்டார்கள் என்றும், அதிர்ந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். காபி 180 ரூபாய் என்றும், யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்குப் பலர் வாங்குகிறார்கள் என்று பதில் வந்ததாகவும் அதே நேரத்தில் பதிவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024இல், கொல்கத்தா விமான நிலையத்தில் அதே வெந்நீரும் தேயிலைப் பையும் 340 ரூபாய்க்கு விற்பதைச் சுட்டிக்காட்டினார். நாட்டின் நிதிநிலை அறிக்கையைப் பலமுறை வாசித்தவரே விலைப்பட்டியலைப் பார்த்துப் பின்வாங்குகிறார் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஒரு சாவுச் செய்தி கேட்டோ அவசர அறுவைச் சிகிச்சைக்காகவோ கடன் வாங்கி டிக்கெட் போட்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும், பலர் வாங்குகிறார்கள் என்று அந்தக் கடை ஊழியர் சொன்ன பதிலில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. ஏன் வாங்குகிறார்கள்?

வேறு வழியில்லாததால்தான். தமிழ்நாட்டில் இரவுப் பேருந்தில் பயணம் செய்த எவருக்கும் இது விளங்கும். சென்னையிலிருந்து மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போகும் பேருந்து விக்கிரவாண்டிப் பக்கம் ஏதோ ஒரு மோட்டலில் நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் வயல், அந்த ஒரு கடை மட்டுமே இருக்கும், பேருந்து இருபது நிமிடத்தில் கிளம்பிவிடும். ஊரில் இருப்பதைவிட இரண்டு மடங்கு விலை சொன்னாலும் பசித்தவர் வாங்கித்தான் ஆக வேண்டும். பேருந்து அங்கே நிற்பது தற்செயலும் அல்ல. அரசு விரைவுப் பேருந்துகள் நிற்பதற்கு மோட்டல்காரர்கள் டெண்டர் எடுத்துப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அதாவது பயணிகளின் பசி அங்கே மொத்தமாக ஏலம் போகிறது. விமான நிலையம் இதே ஏற்பாட்டின் பெரிய, குளிரூட்டப்பட்ட வடிவம். மோட்டலைச் சுற்றி வயல் இருப்பதுபோல் இங்கே பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அதைத் தாண்டியபின் வெளியே போய் வேறு கடை பார்க்க முடியாது. உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதால், ஒருவேளை உணவு நேரத்தையாவது உள்ளே கழிக்கவும் நேர்கிறது.

விமானச் சேவையின் மாற்றமும் இதற்குத் துணைபோனது. முன்பெல்லாம் டிக்கெட்டிலேயே சாப்பாடு அடங்கியிருந்தது. 2003இல் ஏர் டெக்கான் தொடங்கிவைத்த, பின்பு இண்டிகோ போன்றவை நிலைநிறுத்திய குறைந்த கட்டண முறையில் உணவு தனி விற்பனைப் பொருளானது. இன்று நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் மட்டுமே பறக்கிறார்கள். விமானத்துக்குள் தட்டு வராது என்று தெரிந்தவர் ஏறுவதற்கு முன்பே வயிற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் நினைப்பார். டிக்கெட் விலை குறைந்ததால் முதன்முறையாக விமானம் ஏறுபவர்கள் பெருகினார்கள், ஆனால் விமானமே வசதியானவர்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்து விலைக் கணக்கோடுதான் கடைகள் தொடர்ந்தன. கட்டுமானத் தொழிலாளர்கள், வளைகுடா செல்லும் ஓட்டுநர்கள், வேலூருக்கும் சென்னைக்கும் மருத்துவத்துக்காக வடகிழக்கிலிருந்து வரும் குடும்பங்கள் ஆகியோர்தான் இன்றைய காத்திருப்பு இருக்கைகளில் கணிசமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடை நடத்துபவரின் செலவு நியாயமாகவே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஊழியருக்கும் பின்னணி விசாரணை முடித்து நுழைவு அனுமதி வாங்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவரை மறுநாளே வேலையில் நிறுத்த முடியாது. பால் பாக்கெட்டிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை வரை எல்லாம் எக்ஸ்ரே கருவி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் விமானம் உண்டு என்பதால் மூன்று ஷிப்ட் ஆள் தேவை. சமையலுக்கு இடம் குறுகலாக இருப்பதால் பல பண்டங்களை வெளியே ஒரு சமையற்கூடத்தில் தயாரித்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். இவை அனைத்தும் சேர்ந்தால் 15 ரூபாய்த் தேநீர் 40 ரூபாயாகலாம், 50 ரூபாய்கூட ஆகலாம். எஞ்சிய 150 ரூபாய்க்குக் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது.

விமான நிலையங்களில் உணவுக் கடைக்கான உரிமம் பொதுவாக இப்படித்தான் கொடுக்கப்படுகிறது. ஒப்பந்தம் எடுப்பவர் மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையைக் கட்ட வேண்டும், அல்லது விற்பனையில் ஒப்புக்கொண்ட விழுக்காட்டைக் கொடுக்க வேண்டும், இரண்டில் எது அதிகமோ அது நிலையத்துக்கு. பல இடங்களில் உணவுப் பகுதி முழுவதையும் ஒரே பெரிய நிறுவனம் எடுத்து, அதன்கீழ் பல பெயர்களில் கடைகளை நடத்துகிறது அல்லது உள்வாடகைக்கு விடுகிறது. பயணியின் கண்ணுக்கு ஒரு தோசைக் கடை, ஒரு காபிக் கடை, ஒரு பர்கர் கடை என்று போட்டி இருப்பதுபோல் தெரிந்தாலும், மூன்றின் கல்லாவும் ஒரே கணக்குப் புத்தகத்தில் முடியலாம். போட்டி நடந்தது உண்மைதான். ஆனால் அது டெண்டர் திறந்த நாளில், நிலையத்துக்கு யார் அதிகம் தருவது என்பதற்காக நடந்து முடிந்துவிட்டது, பயணிக்கு யார் குறைவாகத் தருவது என்பதற்கு நடக்கவேயில்லை.

கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, இவ்வளவு வாடகை கட்டுகிறோம், அதனால் இவ்வளவு விலை வைக்கிறோம் என்பது. பாதி உண்மையான இந்த வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1817இல் டேவிட் ரிகார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர், குத்தகை கொடுப்பதால் தானியம் விலை ஏறுவதில்லை, தானியம் விலை ஏறியிருப்பதால்தான் குத்தகை கொடுக்கப்படுகிறது என்று எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கம் நன்செய் நிலத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் குத்தகை ஏன் வேறுபடுகிறது என்று யோசித்தாலே இது புரியும். வெளிப்போட்டி இல்லாத இடத்தில் தேநீரை 200 ரூபாய்க்கு விற்க முடியும் என்று தெரிந்திருப்பதால்தான் ஒரு நிறுவனம் அந்த இடத்தை அத்தனை பெரிய தொகைக்கு ஏலத்தில் எடுக்கிறது. நாளைக்கே உத்தரவாதத் தொகையைப் பாதியாக்கினாலும், வேறு எதையும் மாற்றாவிட்டால், தேநீர் விலை இறங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. மிச்சமாகும் பணம் ஒப்பந்ததாரரின் பையில் தங்கும், அவ்வளவே.

விற்பனையில் பங்கு என்ற நிபந்தனை மட்டும் வேறு மாதிரி வேலை செய்கிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு கோப்பையின் மீதும் விழுகிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பால், தூள், கோப்பை, ஆள் கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஒரு தேநீருக்கு 70 ரூபாய் ஆகிறது என்றும், கடைக்காரர் 10 ரூபாய் லாபம் எதிர்பார்க்கிறார் என்றும் வைத்துக்கொண்டால், பங்கு எதுவும் இல்லாதபோது 80 ரூபாய்க்கு விற்றால் போதும். விற்பனையில் 35 விழுக்காடு நிலையத்துக்கு என்றால், அதே 80 ரூபாய் கையில் நிற்க அவர் 123 ரூபாய்க்கு விற்க வேண்டும், 43 ரூபாய் நிலையத்துக்குப் போய்விடும். விலையில் ஒரு ரூபாய் குறைத்தால் எத்தனை பேர் கூடுதலாக வாங்குவார்கள் என்று கணக்குப் பார்க்கும்போதும் அந்த ரூபாயில் 65 காசுதான் தன்னுடையது என்பதால், அதிக விலையில் குறைவாக விற்பதே அவருக்குத் தோதாக அமைகிறது.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. சென்னை விமான நிலையத்தை இந்திய விமான நிலைய ஆணையமே நடத்துகிறது, ஆகவே உரிமக் கட்டணம் ஆணையத்துக்குச் சேர்கிறது. ஆணையத்தின் நிலையங்களில் பெரும்பாலானவை நட்டத்தில் ஓடுகின்றன. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பயணிகள் வந்துபோகும் சென்னை போன்றவற்றின் வருவாய்தான் அவற்றைத் தாங்குகிறது. டெல்லி, மும்பை நிலையங்கள் 2006 முதல் தனியார் நிர்வாகத்தில் உள்ளன. அவை தமது மொத்த வருவாயில் முறையே 45.99 விழுக்காட்டையும் 38.7 விழுக்காட்டையும் ஆணையத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டவை. 2019 ஏலத்தில் அதானி குழுமத்துக்குப் போன ஆறு நிலையங்களில் கணக்கு வேறு, அங்கே ஒரு பயணிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு ஏலத்தில் கேட்ட தொகை 168 ரூபாய். நடத்துபவர் யாரானாலும் மேலே ஒருவருக்குப் பெருந்தொகை கட்டவேண்டிய சங்கிலி இது. சங்கிலியின் கடைசிக் கண்ணி பயணி.

விமானம் இறங்கவும் நிற்கவும் வசூலிக்கும் கட்டணத்தையும், டிக்கெட்டில் சேரும் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் நிலையங்கள் விருப்பம்போல் உயர்த்த முடியாது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் பெரிய நிலையங்களில் அவற்றை நிர்ணயிக்கிறது. தேநீரும் இட்லியும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அதேசமயம், 2016இன் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, கடை, விளம்பரம், வாகன நிறுத்தம் போன்ற விமானம் சாராத வருவாயில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டுதான் விமானம் சார்ந்த கட்டணங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. 200 ரூபாய்த் தேநீரில் நிலையத்துக்குப் போகும் பங்கின் ஒரு பகுதி இவ்வாறு சுற்றி வந்து எல்லோருடைய டிக்கெட்டையும் சிறிது மலிவாக்குகிறது. எஞ்சிய 70 விழுக்காடு நிலையத்தை நடத்துபவருக்கே. நியாயம் என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஏற்பாடு எனக்கு உறுத்துகிறது. கடன் அட்டையின் தயவில் சிறப்பு ஓய்வறைக்குள் போய் இலவசமாகச் சாப்பிடும் அடிக்கடிப் பயணி இந்தச் சுமையில் பங்கெடுப்பதில்லை. வெளியே குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்தான் அவருடைய கட்டணத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

உறையிட்ட பொருள்களுக்கு மட்டும் சட்டத்தின் பிடி சற்று உண்டு. தண்ணீர்ப் போத்தலையோ பிஸ்கட்டையோ அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு (எம்ஆர்பி) மேல் கடையில் விற்கக் கூடாது. முன்பு ஒரே போத்தலுக்கு ஊரில் ஒரு எம்ஆர்பியும் விமான நிலையத்துக்கும் மல்டிபிளெக்ஸுக்கும் வேறு எம்ஆர்பியும் அச்சிட்டு விற்றார்கள். உறையிட்ட பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2017இல் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் அதைத் தடுத்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, 2017 டிசம்பர் 12 அன்று, உணவகங்களும் ஓட்டல்களும் தண்ணீர்ப் போத்தலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம், ஏனென்றால் அங்கே மேசையும் இடமும் சேவையும் சேர்த்தே விற்கப்படுகின்றன என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கவுன்டரில் போத்தலை எடுத்துக் கையில் கொடுப்பதற்கும், உட்காரவைத்துப் பரிமாறுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பயணிகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முன்னதில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

ஆனால் சட்டத்தை மீறாமலேயே அதைப் பயனற்றதாக்கும் வழி ஒன்று உண்டு, அதைக் குளிர்பெட்டியின் முன் நின்றால் கண்ணால் பார்க்கலாம். ஊர்க்கடையில் 20 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண லிட்டர் போத்தல் அங்கே கண்ணில் படாது, அல்லது கீழ்த்தட்டில் பின்வரிசையில் இருக்கும். கண்மட்டத்தில் இருப்பவை இமயமலை ஊற்று, தாது உப்பு சேர்த்தது, காரத்தன்மை கொண்டது என்று பெயரிட்ட 60, 70, 90 ரூபாய்த் தண்ணீர்ப் போத்தல்கள். ஒவ்வொன்றும் எம்ஆர்பிக்கே விற்கப்படுகிறது, ஒரு விதியும் மீறப்படவில்லை. நான் ஒருமுறை வேறு தண்ணீர் இல்லையா என்று கேட்டபோது, அந்த ஊழியர் குரலைத் தாழ்த்தி, கழிவறைக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, போத்தலில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னொரு நாள், பால் பவுடர் கரைக்க வெந்நீர் கேட்ட ஓர் இளம் தாயிடம், வெறும் வெந்நீருக்கு பில் போட வழியில்லை அக்கா என்று சொல்லிவிட்டு, மேலாளர் பார்க்காத நேரத்தில் ஒரு கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்த பையனையும் பார்த்தேன். விலைக்காகக் கவுன்டரில் நிற்பவர்களைத் திட்டுபவர்கள், அவர்களும் வேலை முடிந்ததும் தேநீர் குடிக்கச் சாலையைக் கடந்துதான் போகிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோக உள்நாட்டுப் பயணத்தில் தடையில்லை. திரையரங்கங்களில் வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, விமான நிலையத்தில் அப்படிப்பட்ட தடை கிடையாது. இட்லியும் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் தாராளமாகப் போகலாம். வெளிநாட்டுப் பயணத்தில்தான் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி உண்டு. 2006இல் லண்டனில் முறியடிக்கப்பட்ட விமானத் தகர்ப்புச் சதிக்குப் பின் உலகம் முழுவதும் வந்த கட்டுப்பாடு அது. பாதுகாப்புக்காக வந்த அந்த விதி, தண்ணீர் விற்பவருக்கும் பெரிய உதவியாகிவிட்டது. எப்படியானாலும், எவர்சில்வர் டப்பாவைத் திறந்து சாப்பிடக் கூச்சப்பட்டு மூலையைத் தேடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ரயிலில் எந்தத் தயக்கமும் இல்லாமல் நான்கு பேருக்குச் சேர்த்து இலை விரிப்பவர்கள் இங்கே ஏன் ஒடுங்குகிறார்கள் என்று தோன்றும். அந்த இடத்தின் பளபளப்பே அவர்களை அப்படி உணரவைக்கிறது. கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

பலர் கேட்டுப் பெறாத உரிமை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். விமானம் தாமதமானால் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் விமான நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதி சொல்கிறது. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே இந்த உரிமை பிறந்துவிடுகிறது. சென்னையிலிருந்து மதுரை, கோவை, பெங்களூரு, ஹைதராபாத் எல்லாம் இந்த வகைதான்.

ரயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விமான நிலையத்தில் என்ன இல்லை என்பது தெளிவாகிறது. ரயில் நிலைய நடைமேடையில் இருப்பவரும் ஒருவகையில் வெளியே போக முடியாதவரே. வண்டி ஐந்து நிமிடம்தான் நிற்கும். அங்கேயும் உரிமம் ஏலத்தில்தான் போகிறது, அங்கேயும் முறைகேடுகள் உண்டு. ஆனாலும் அடிப்படைப் பண்டங்களுக்கு ரயில்வே தானே விலை வைத்திருக்கிறது. செங்கல்பட்டு அருகே பாலூரில் உள்ள ஆலை உட்படப் பல இடங்களில் நிரப்பப்படும் ரயில் நீர் ஒரு லிட்டர் நீண்டகாலமாக 15 ரூபாயாக இருந்து, 2025 செப்டம்பரில் 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்கும் இடத்தருகே 20 ரூபாய்க்கு ஒரு வேளை உணவு விற்கும் திட்டம் 2023இல் வந்தது. நடைமேடையில் ஓர் அடித்தட்டு விலை இருக்கிறது. அதற்கு மேல் விருப்பப்பட்டவர் 150 ரூபாய் பிரியாணி வாங்கலாம், அது அவர் பாடு. விமான நிலையத்தில் அந்த அடித்தட்டே நெடுங்காலம் இல்லாமல் இருந்தது.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து விமான நிலையத்தில், ஊருக்குள் உள்ள கடையில் என்ன விலையோ அதே விலைக்குத்தான் உள்ளேயும் விற்க வேண்டும் என்பது நீண்டகாலமாக ஒப்பந்த நிபந்தனை. நியூயார்க்கில் 2021இல் லாகார்டியா நிலையத்தில் ஒரு பியரின் விலை 27 டாலர் 85 சென்ட் என்று காட்டும் பட்டியலைப் பயணி ஒருவர் படமெடுத்து வெளியிட, அது பெரும் சர்ச்சையாகி, நிலையத்தை மேற்பார்க்கும் துறைமுக ஆணையத்தின் விசாரணைக்குப் பின் ஊர் விலையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடக் கூடாது என்று விதி இறுக்கப்பட்டது. அங்கேயும் ஊழியருக்கு அனுமதி வாங்க வேண்டும், சரக்கைச் சோதனையிட வேண்டும், கூலி நம்மைவிடப் பலமடங்கு. அத்தனைக்கும் சேர்த்து 10 விழுக்காடு போதும் என்று ஒரு பெருநகரின் நிலைய நிர்வாகமே கணக்கிட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. டெண்டர் ஆவணத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும், ஏலத்தொகை அதற்கேற்பக் குறையும் என்பதை நிலையம் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வப்போது ஊர்க்கடை விலையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஆள் வேண்டும். இன்னும் ஒருபடி மேலே போய், வாடகையை நிலையமே நிர்ணயித்துவிட்டு, பத்து அடிப்படைப் பண்டங்களை யார் குறைந்த விலைக்குத் தருவார் என்பதில் ஏலம் வைக்கலாம். ஒரே ஆள்தான் நடத்த முடியும் என்ற தொழிலில் விலையை வைத்தே போட்டியை நடத்தலாம் என்ற இந்த யோசனையை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெரால்ட் டெம்செட்ஸ் 1968இலேயே முன்வைத்தார்.

இந்தியாவில் நடந்தது வேறு வழியில். 2024 டிசம்பரில் மாநிலங்களவை உறுப்பினர் ராகவ் சத்தா நிலையங்களின் உணவு விலையை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அதே மாதம் கொல்கத்தா நிலையத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடையை விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு திறந்துவைத்தார். தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய், அன்றைய இனிப்பு 20 ரூபாய். 2025 பிப்ரவரி 27 அன்று சென்னை உள்நாட்டு முனையத்திலும் இதே பெயரில் கடை வந்தது. ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவருக்கே இடம் என்ற முறையை அந்தச் சிறு சதுரத்துக்கு மட்டும் தளர்த்தாமல் இந்த விலை சாத்தியமில்லை. இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளுக்கு விற்ற பண்டம், வாடகைக் கணக்கை மாற்றி விலையையும் முன்கூட்டியே நிர்ணயித்ததும் ஒரு பத்து ரூபாய் நோட்டுக்கு வந்துவிட்டது என்பது, அந்த 200 ரூபாயில் தேநீருக்கான பங்கு எவ்வளவு என்பதைக் காட்டிவிடுகிறது. இதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

குறையும் ஒன்று உண்டு, அது கடையின் அமைவிடம். சென்னையில் அந்தக் கடை பாதுகாப்புச் சோதனைக்கு முந்தைய பகுதியில் திறக்கப்பட்டது. பயணிகள் அந்த இடத்தில் பெட்டியை ஒப்படைக்கும் அவசரத்தில் இருப்பார்கள், நிதானமாக உட்கார்ந்து தேநீர் குடிக்கும் மனநிலை அப்போது யாருக்கும் வராது. போதாததற்கு, வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரும் அந்தக் கட்டத்தில் தீர்ந்திருக்காது. தாகம் எடுப்பது சோதனை முடிந்து, விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போதுதான். அந்த நேரத்தில் திரும்பிப் போக முடியாத சுவருக்கு அந்தப் பக்கம் 10 ரூபாய்த் தேநீரும், இந்தப் பக்கம் 200 ரூபாய்த் தேநீரும் இருக்கின்றன. வெளிப்போட்டி இல்லாததால்தான் விலை ஏறுகிறது என்றால், மலிவு விலைக் கடையின் தேவை போட்டியே இல்லாத அந்த உட்பகுதியில்தான், ஒவ்வொரு முனையத்திலும் ஏறுவாயில்களுக்குப் பக்கத்தில். வருவாய் அதிகம் தரும் இடமும் அதுவே என்பதால் நிலையங்கள் அதை விட்டுக்கொடுக்கத் தயங்கும். அடுத்த உணவுக் கடை ஒப்பந்தங்களுக்கு டெண்டர் வரும்போது, மொத்தப் பரப்பில் எத்தனை சதுர அடி சோதனையைத் தாண்டிய பக்கத்தில் 10 ரூபாய்த் தேநீருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.